குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஒரு கிறிஸ்தவக் கல்லூரி: மகளை விடுதியில் சேர்க்கலாமா?

பல்லடத்துத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகளுக்குக் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இளநிலைத் தாவரவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரியின் பெயரைப் பொதுவில் சொல்ல விருப்பமில்லை. அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதிலாகவே சொல்லுங்கள்.

போன வாரம் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். கல் கட்டடம், சிவப்புத் தகரக் கூரை, சிற்றாலயத்தைச் சுற்றி நீலப் பூக்கள், கீழே பார்த்தால் தேயிலைத் தோட்டம். மகள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். கல்லூரிக் கையேட்டில் நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் திடல், "இயற்கை எழில் சூழ்ந்த விடுதி" என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தறி தெரியும், மலை தெரியாது. குளிரை அவள் தாங்குவாளா? நாங்கள் இந்துக்கள், வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களா? அவசரம் என்றால் ஊருக்கு வந்து சேர முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கோவைக்காரன்

ஐயா, கோவையில் இல்லாத கல்லூரியா? பல்லடத்திலிருந்து தினமும் போய்வரலாம். விடுதிச் செலவு மிச்சம். காட்சி பார்க்க வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா போனால் போதும்.

லவ்டேல் வாசி

பல்லடத்து ஐயா, நீங்கள் போனது மே மாதம். அந்த மாதம் இந்த மலை மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் பெண் வீடு இருப்பதுபோல் இருக்கும். அதைப் பார்த்துச் சம்பந்தம் பேசக் கூடாது. உங்கள் மகள் அங்கே இருக்கப்போவது ஜூன் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. சீசனில் அவள் பல்லடத்தில் விடுமுறையில் இருப்பாள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். உங்கள் ஊரைவிட எப்போதும் பத்து டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதற்கு ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். வெறும் குளிரால் யாரும் படிப்பை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. ஆளை அசைப்பது ஈரம்தான்.

ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிச் சரிவு கிழக்கே பார்த்தது. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழைதான் பெரிது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து, மலைச்சரிவு வீடுகளோடு இறங்கியது. நீங்கள் சொல்லும் கல்லூரி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், ஜூலையில் வாரக்கணக்கில் சாரலும் மூட்டமும், நவம்பரில் கனமழை, டிசம்பர் ஜனவரியில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி என்று எல்லாவற்றிலும் ஒரு பங்கு கிடைக்கும்.

ஆகவே அந்தக் கல்லூரியில் நான் கேட்கும் முதல் கேள்வி நூலகத்தில் எத்தனை புத்தகம் என்பதாக இருக்காது. துவைத்த துணியை எங்கே காயப்போடுகிறார்கள் என்று கேட்பேன்.

பழைய விடுதிவாசி

மேலே சொன்னவரின் கடைசி வரியைக் கல்லில் வெட்டி எல்லா விடுதி வாசலிலும் வைக்க வேண்டும்.

நான் நீலகிரியில் வேறொரு கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டு இருந்தேன். அங்கே காயப்போடும் இடம் என்றால் மொட்டைவெளியில் இரண்டு கம்பி. ஜூலையில் அதில் போட்டால் துணி இன்னும் கொஞ்சம் நனைந்து திரும்பி வரும். அதனால் எல்லாரும் அறைக்குள் கட்டிலுக்குக் கட்டில் கயிறு கட்டுவோம். நான்கு பேர் அறையில் நான்கு பேரின் சீருடை, துண்டு, காலுறை எல்லாம் தொங்கும். சன்னலைத் திறந்தால் மூட்டம் உள்ளே வரும், மூடினால் துணியின் ஈரம் வெளியே போகாது. இரண்டு வாரத்தில் சுவரில் கறுப்பாகப் பூசணம், பிறகு செருப்பில், பிறகு பெட்டியின் அடியில் வைத்த தோல் பெல்ட்டில். மூச்சிரைப்பு உள்ள தோழி ஒருத்தி முதல் பருவம் முடிவதற்குள் வெளியே வீடு எடுத்துப் போய்விட்டாள். உங்கள் மகளுக்கு ஆஸ்துமா இருந்தால் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் விடுதிச் சுவரைப் பாருங்கள். கோடை விடுமுறையில் வெள்ளையடித்திருப்பார்கள். கட்டிலை நகர்த்திப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது வெந்நீர். "சூரியசக்தி வெந்நீர் வசதி உண்டு" என்று பெருமையாகச் சொல்வார்கள். வெயில் அடிக்கும் பிப்ரவரியில் அது கொதிக்கும். சூரியனையே காணாத ஜூலையில் அதே குழாயில் வருவது மலைத் தண்ணீர். விறகு பாய்லரோ மின் கீசரோ துணைக்கு உண்டா, காலையில் எத்தனை மணி வரை, ஆளுக்கு எத்தனை வாளி என்று கேளுங்கள். பிள்ளைகள் ஒளித்துக் கொண்டுவரும் ஹீட்டர் கம்பியை வார்டன் பறிமுதல் செய்வார். அதில் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பழைய கட்டட வயரிங்கில் பத்து அறையில் கம்பி போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வெந்நீர் கொடுக்காமல் கம்பியை மட்டும் பறித்தார்கள் என்பதுதான் என் குறை.

மெஸ் சோறு வேகவில்லை என்று முதல் வாரம் தொலைபேசியில் அழுவாள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் அரிசியும் பருப்பும் நம் ஊர்போல் வேகாது. பெரிய குக்கரோ நீராவி அடுப்போ உள்ள சமையலறையாக இருந்தால் கவலையில்லை.

மலைப் பேராசிரியர்

நான் இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். விடுதிவாசி சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் இழை முழுவதும் பூசணமாகிவிடக் கூடாது என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

மலையில் நினைத்தபடி கட்ட முடியாது. 1993-இல் வந்த மலைவாழிடக் கட்டட விதிகள் உண்டு, உயரக் கட்டுப்பாடு உண்டு, சரிவு, நீரோடை, காட்டு எல்லை என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். எனவே சமவெளிக் கல்லூரிபோல் ஐந்து மாடியில் எல்லாவற்றையும் அடுக்க வழியில்லை. வகுப்பறை ஒரு மட்டம், ஆய்வகம் அதற்குக் கீழே, உணவகம் இன்னும் கீழே, விடுதி ஏதோ ஒரு மூலை. நடுவில் எல்லாம் படிகள். மழைக்காலத்தில் பாசி பிடித்த கல் படி எவ்வளவு வழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கால் ஊனமுற்ற மாணவருக்கு எங்கள் வளாகங்களில் பெரும்பாலானவை இன்றும் நியாயம் செய்யவில்லை. விளையாட்டுத் திடலும் அப்படித்தான். சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம் பொதுவாகச் சிறியது. மூட்டம் இறங்கினால் எதிர்முனைக் கோல் கம்பம் தெரியாது.

ஆனால், தாவரவியல் என்கிறீர்களே ஐயா! அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல சுற்றுப்புறம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு பக்கம் 1848-இல் தொடங்கிய ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்கா, மறுபக்கம் 1874-இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்கா. கல்லூரிக்குப் பின்னால் நூறடி நடந்தால் கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ், சீகை என்று சொல்லும் வாட்டில் மரம், சைப்ரஸ் எல்லாம் நிற்கும். அவற்றில் எதுவும் இந்த மண்ணுடையது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்தவை. அவற்றுக்கு நடுவே ஓடைப் பள்ளத்தில் இந்த மலைக்கே உரிய ஒரு துண்டுச் சோலைக்காடு தப்பிப் பிழைத்திருக்கும். அந்நிய மரம் எப்படிப் புல்வெளியைத் தின்றது, சோலை எப்படித் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது என்பதை நான் கரும்பலகையில் எழுதுவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவேன். கோவைக் கல்லூரியில் இதைப் படத்தில்தான் காட்ட முடியும்.

கோவைக்காரன்

பேராசிரியர் ஐயா, சோலை நன்றாக இருக்கட்டும். நுண்ணோக்கியின் கண்ணாடியில் பூசணம் பிடிக்குமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மலைப் பேராசிரியர்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். லென்ஸில் பூசணம் படர்ந்துவிட்டால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் எரியும் விளக்கு வைத்த அலமாரியிலோ, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியிலோ வைப்போம். செடிகளை உலர்த்தி ஒட்டிவைக்கும் தாள்களுக்கும் அதே கதி. ஆய்வகத்துக்குள் போனதும் அந்த அலமாரியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அங்கே யாரோ பொறுப்பாக இருக்கிறார் என்று பொருள்.

சேகரத்து மகன்

வழிபாட்டைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நான் போதகர் வீட்டுப் பிள்ளை, மலைக் கல்லூரியில் படித்தவன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசமைப்பின் 30-ஆம் கூறு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. 28-ஆம் கூறின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். உங்கள் மகளுக்குப் பதினேழு என்றால் இப்போது உங்கள் கையெழுத்து, அடுத்த ஆண்டு அவளே முடிவு செய்துகொள்ளலாம்.

நடைமுறையில் என்ன நடக்கும்? காலைக் கூடுகையில் ஒரு பாடல், ஒரு வேத வசனம், ஒரு ஜெபம். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். வாரத்தில் ஒரு வகுப்பு கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. ஞாயிறு காலையில் நாங்கள் ஆலயத்துக்குப் போவோம், மற்றவர்கள் விடுதியில் படிப்பார்கள் அல்லது தூங்குவார்கள். அந்தத் தூக்கத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. டிசம்பரில் கேரல் பாடலுக்கு ஆள் பிடிப்பார்கள். எங்கள் குழுவில் நன்றாகப் பாடியவர்களில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள். நெற்றியில் திருநீறு வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்று விதி போடும் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல நிர்வாகம் கோபித்துக்கொள்ளாது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு மிஷன் கல்வி புதிதல்ல. பாசல் மிஷன் கேத்தியில் 1846-இலேயே பணியைத் தொடங்கிவிட்டது. இந்த மலையின் படுகர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக மிஷன் பள்ளியில் படித்து, தங்கள் தெய்வமான ஹெத்தையம்மனின் பண்டிகையையும் விடாமல் கொண்டாடுகிறவர்கள் ஏராளம்.

கோத்தகிரி அக்கா

சேகரத்துத் தம்பி சொன்னது சரி. நானும் படுகர் வீட்டுப் பெண்தான், மிஷன் பள்ளி, மிஷன் கல்லூரி இரண்டிலும் படித்தேன். பொட்டை அழி என்று யாரும் சொன்னதில்லை.

அண்ணா, போக்குவரத்தை நான் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர இரண்டு பாதை: பர்லியார் வழியாகக் குன்னூர், இல்லையென்றால் கோத்தகிரி. ஒன்றில் மண் சரிந்தால் இன்னொன்றில் திருப்பிவிடுவார்கள். நேரம் கூடும், ஆனால் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடலாம். நவம்பரில் இரண்டும் ஒரே நாளில் சிக்கலாகும் வாய்ப்பு உண்டு. அப்போது மகளை அழைத்துவரக் கிளம்பாதீர்கள், விடுதியிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. கனமழை என்றால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்டுவிடுவார்.

மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில் அது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும். அந்தப் பகுதியில்தான் பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழும், மழைக்காலத்தில் அடிக்கடி ரத்தாகும். குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று மேலே ஓடும் ரயில் மட்டும் உள்ளூர் மாணவர்களுக்குக் கொஞ்சம் பயன்படும்.

அரசின் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024 முதல் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டது. ஊட்டிக்கோ குன்னூருக்கோ புத்தகம் வாங்கப் போகப் பிள்ளைக்குச் செலவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை எவ்வளவு தூரம், அங்கே விளக்கு இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். மாலை ஐந்தரைக்கு மூட்டம் விழுந்தால் பத்தடி தள்ளிக் காட்டெருமை நிற்பது தெரியாது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தேயிலைக்குள் அது தினமும் மேயும், அதன் வழியில் நாம் குறுக்கிடாமல் இருந்தால் அது பாட்டுக்குப் போகும். படம் எடுக்கக் கிட்டே போகிறவர்கள்தான் முட்டு வாங்குகிறார்கள்.

கரடி வேறு கதை. மெஸ்ஸுக்குப் பின்னால் எச்சில் இலையும் மீந்த சோறும் திறந்து கிடந்தால் இரவில் கரடி, காட்டுப்பன்றி, பகலில் குரங்கு எல்லாம் வரும். குப்பைத் தொட்டிக்கு மூடியும் சுற்றிலும் கம்பி வலையும் இருக்கிறதா என்று சமையலறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். எந்தக் கையேட்டிலும் அந்த இடத்தின் படம் இருக்காது.

லவ்டேல் வாசி

தங்கை சொன்னதோடு இன்னொன்று. விடுதிக் கூரைக்கு மேல் சாயும்படி நிற்கும் பெரிய கற்பூர மரம் இருக்கிறதா என்று பாருங்கள். அழகாக இருக்கும், காற்றில் முறியும். மின்கம்பியில் விழுந்தால் அன்று இரவு வளாகமே இருட்டு, செல்போன் சிக்னலும் சில சமயம் கூடவே போகும். ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும் என்று கேளுங்கள்.

மருத்துவத்துக்குக் குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நள்ளிரவில் காய்ச்சல் என்றால் விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு போக வண்டியும் ஓட்டுநரும் வளாகத்திலேயே தங்குகிறார்களா என்பதுதான் முக்கியம். குரங்கோ நாயோ கடித்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமே குன்னூரில்தான் இருக்கிறது.

பழைய விடுதிவாசி

பேராசிரியருக்கு ஒரு கேள்வி. கட்டட விதி, சரிவு, அனுமதி எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கல்லூரியில் அதே விதிகளுக்கு நடுவில் ஓர் அரங்கம் எழும்பியது, வாசலில் வளைவு எழும்பியது. துணி காயவைக்க ஓர் அறை, ஒளிபுகும் கூரைத் தகடு போட்டு நான்கு பக்கமும் காற்று வர ஒரு கொட்டகை, அதற்கு மட்டும் எந்த விதி தடுத்தது? பார்க்க வருகிறவர் மே மாதம் வருகிறார், பணம் கட்டுகிறார், போய்விடுகிறார். அவர் கண்ணில் படுவதற்குத்தான் செலவு நடக்கிறது.

மலைப் பேராசிரியர்

தடுத்த விதி எதுவும் இல்லை. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் குழு வந்தாலும் அரங்கத்தையும் கணினிக்கூடத்தையும்தான் பார்க்கிறது. விடுதியில் தங்கியவர்கள் பழைய மாணவர் கூட்டத்தில் இதை எழுப்பினால் காது கொடுப்பார்கள். நாங்கள் ஆசிரியர்கள் சொன்னால் கூட்டக் குறிப்பில் ஏறும், அதோடு நின்றுவிடும்.

கோவைக்காரன்

இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் நான் முதலில் சொன்னதுதானே சரி?

கோத்தகிரி அக்கா

கோவை அண்ணா, உங்கள் ஊரில் ஏப்ரல் மாதத்துக் குடிநீரைப் பற்றி இப்படி ஓர் இழை ஆரம்பித்தால் இதைவிட நீளமாகப் போகும்.

பல்லடத்துத் தந்தை

எல்லாருக்கும் நன்றி. பணம் கட்டக் கடைசித் தேதிக்கு முன்பு, ஜூனில் நல்ல மழை நாளாகப் பார்த்து மறுபடியும் போய்வந்தேன். மகளை அழைத்துப் போகவில்லை, அவள் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போனேன்.

துணி எங்கே காய்கிறது என்று கேட்டதும் வார்டன் சிரித்துவிட்டார். "இதை இதுவரை எந்தத் தகப்பனும் கேட்டதில்லை" என்றார். பழைய மரக் கொட்டகை ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் விறகு பாய்லர்; அதன் சூட்டில் ஓரளவு காய்கிறது. இடம் போதாது, முறை வைத்துத்தான் போடுகிறார்கள். வெந்நீர் காலை ஏழு மணி வரை, ஆளுக்கு ஒரு வாளி. கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். கீழ்த்தளத்து அறைகளில் பூசணம் இருக்கிறது, மேல்தளத்தில் இல்லை. மேல்தளம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆய்வக அலமாரியில் விளக்கு எரிந்தது. சமையலறைக்குப் பின்னால் வலை இருக்கிறது, ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். திருநீறுக்கும் பூவுக்கும் தடை இல்லையாம். நிறுத்தத்திலிருந்து வாசல் வரை நடந்தேன். பாதி வழிக்கு விளக்கு இல்லை.

பணம் கட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். மகளைச் சேர்க்கும் அன்று சொந்தக் காரில் பெட்டிகளோடு வர வேண்டும், நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் அனுமதி வேண்டுமா? துணிமணியில் எதை எடுத்து வருவது?

லவ்டேல் வாசி

வேண்டும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அந்த நடைமுறை இருக்கிறது. இணையத்தில் பதிந்து எடுத்துவிடலாம், பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவராதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

பழைய விடுதிவாசி

கனத்த ஜீன்ஸ் வேண்டாம், நான்கு நாளானாலும் காயாது. மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுதான் வழி. காலுறை நிறைய. துண்டு இரண்டு, பருமனில்லாதது. நல்ல பிடிமானம் உள்ள ரப்பர் அடி செருப்பு. கம்பளி ஸ்வெட்டரைப் பல்லடத்தில் தேடாதீர்கள், மேலே வந்து வாங்குங்கள். பெட்டிக்குள் போட நாலைந்து கற்பூரக் கட்டி. குடை காற்றில் மடங்கிவிடும், மழைக்கோட்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கோத்தகிரி அக்கா

சேர்க்கும் நாள் ஞாயிறாக இருந்தால் காலையிலேயே மலையேறிவிடுங்கள், அண்ணா. பத்து மணிக்கு மேல் பர்லியார் பாதையில் சுற்றுலா வண்டிகள் நெருக்கும். அந்த விளக்கில்லாத பாதையைப் பற்றி ஊராட்சிக்கு நாங்கள் உள்ளூர்க்காரர்கள் மனு கொடுக்கிறோம். எந்த நிறுத்தம் என்று எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.